50 டாலருக்கு ஒரு ஆல்பம்

2021 மார்ச்சில் அமெரிக்க ராக் குழு கிங்ஸ் ஆஃப் லியோன் தன் புது ஆல்பத்தை என்எஃப்டியாகவும், அதாவது பிளாக்செயின் என்ற இணையப் பதிவேட்டில் பதிவாகும் டிஜிட்டல் உரிமைச் சான்றாகவும் விற்றது. விலை 50 டாலர். அதே பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலும் இருந்தன. அப்புறம் எதற்கு 50 என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கூடவே வினைல் இசைத்தட்டும் கொடுத்தார்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் வாங்கலாம், இரண்டு வாரம்தான் கெடு. சரி, ரசிகனுக்குக் கட்டுப்படியாகும்.

அதற்குச் சில நாள் முன்புதான் ப்ளாவ் என்ற டிஜே வெறும் 33 என்எஃப்டிகளை ஏலம் விட்டு 1.1 கோடி டாலருக்கு மேல் அள்ளினார். ஏலத்தில் அதிக விலை கேட்டவருக்காகப் புதிதாக ஒரு பாட்டே போட்டுத் தருவதாகப் பேச்சு. இதில் பாட்டுக்கு எவ்வளவு, பந்தாவுக்கு எவ்வளவு? எனக்கென்னவோ அந்த 50 டாலர் கணக்குதான் பிடித்திருக்கிறது. தட்டாவது வீட்டில் இருக்கும்.