மாட்டுக்கா, எங்களுக்கா

போட்ஸ்வானாவுல போர்வெல் போட்ட எடத்துல ஒரு பாட்டி கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் சரிதான்னு இன்னைக்கும் நெனைக்கறேன். ஆனா சரின்னா அது எதுக்கு இன்னும் மண்டைக்குள்ள சுத்திட்டே இருக்கணும்னு புரியல, அதான் எழுதறேன்.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக்ல வேலை பழகிட்டு ஆப்பிரிக்கா போனவங்க நெறைய பேரு இருக்கறதால தொழிலைப் பத்தி விளக்கப் போறதில்ல. போட்ஸ்வானா பூமி மட்டும் வேற மாதிரி. நம்மூர்ல பத்தடி எறங்கினா பாறை, ஹேமரை வெச்சு அடிச்சுட்டே போயிரலாம். அங்க களஹாரி பாலைவன மணல் மேலேருந்து பல மீட்டருக்குப் போகும், நடுவுல சுக்காம்பாறை வரும், திரும்ப மணல், கேசிங் குழாயக் கூடவே எறக்கலன்னா ஓட்டை மூடிக்கும், ராடு மாட்டிக்கும். நாலு பக்கமும் நாடுதான், கடல் கெடையாது. பாறைய ஒடைக்கற பிட்டு ஒண்ணு போச்சுன்னா தென்னாப்பிரிக்காவோட டர்பன்லயோ நமீபியாவோட வால்விஸ் பே துறைமுகத்துலயோ சரக்கு எறங்கி லாரியில வர்ற வரைக்கும் ரிக் சும்மா நிக்கும், கம்பெனிக்காரன் போன் போட்டுட்டே இருப்பான்.

பாலைவனம்னதும் மொட்டை மணல்மேடுன்னு நெனைச்சுக்காதீங்க. புல்லு இருக்கு, முள்ளு மரம் இருக்கு, மழை பேஞ்சா ஒரு மாசத்துல பச்சையா ஆயிடும். ஆனா மேல தண்ணி நிக்காது. நாட்டுல 70 சதவீதம் அப்படித்தான். தமிழ்நாட்ட விட நாலு மடங்குக்கு மேல பரப்பு, 2022 கணக்கெடுப்புல ஜனம் 24 லட்சம்கூட இல்ல, கோயம்புத்தூர் மாவட்டத்துல அத விட அதிகம். வடக்க ஒகவாங்கோ ஆறு அங்கோலாலேருந்து அவ்வளவு தண்ணியோட வந்து கடலுக்குப் போகாம மணல்லயே விரிஞ்சு முடிஞ்சு போகுது, டூரிஸ்ட் எல்லாம் அங்கதான் போவாங்க. நாங்க வேலை செஞ்சது மேற்க கான்சி பக்கம், அங்க போருதான் எல்லாம்.

அதனால அங்க போர் போடறது நம்மூர்ல தோட்டத்துக்குப் போடற மாதிரி சாதாரண விஷயம் கெடையாது. பொது மேய்ச்சல் நிலத்துல ஒரு போருக்கும் அடுத்த போருக்கும் 8 கிலோமீட்டர் இருக்கணும்னு விதி, நிலத்தை ஒதுக்கிக் குடுக்கற லேண்ட் போர்டு அனுமதி குடுத்தாத்தான் ரிக்க நகர்த்தவே முடியும். சட்டப்படி நிலம் எல்லாருக்கும் பொதுதான், ஆனா போர் யாருதோ சுத்தியிருக்கற புல்லும் கிட்டத்தட்ட அவருதுதான், தண்ணி இல்லாத புல்லை வெச்சு யாரு மாடு மேய்க்க முடியும்? இது எனக்கு வேலைக்குப் போனதும் தெரியல, மெதுவாத்தான் புரிஞ்சுது.

எங்க ஓனர், அதாவது போர் போடச் சொன்னவரு, தலைநகர் கபரோனேல அரசாங்க ஆபீசர். நல்ல மனுஷன், மொதல்ல அதைச் சொல்லிடறேன். அங்க நெறைய பேருக்கு சொந்த ஊர்ல ஒரு வீடு, வெதைக்க ஒரு காடு, தள்ளி ஒரு மாட்டுப்பட்டி, வேலை பாக்கற ஊர்ல ஒரு வாடகை வீடுன்னு வாழ்க்கை நாலா பிரிஞ்சு கெடக்கும். சம்பளத்துல மிச்சம் புடிச்சு மாட்டுலதான் போடுவாங்க. காங்கேயம் மாடு வெச்சிருக்கற குடும்பத்துல பொறந்தவனுக்கு அதைப் புரிஞ்சுக்கறது கஷ்டமில்ல. 1966 செப்டம்பர் 30ல சுதந்திரம் வாங்கறப்ப நாடு மொத்தத்துக்கும் 12 கிலோமீட்டர் தார் ரோடுதான்னு அவரே சொன்னாரு. அடுத்த வருஷமே ஒராபால வைரம் கண்டுபுடிச்சாங்க, அப்புறம் 1982ல ஜ்வனெங் சுரங்கம். மொத ஜனாதிபதி செரெட்சே காமாவோட அரசாங்கம் டி பியர்ஸ் வைரக் கம்பெனிகிட்ட பேசிப் பேசி சரி பாதி பங்கு வாங்குச்சு, அந்தக் காசு ரோடா, பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா மாறுச்சு. இவரு படிச்சதும் அந்தக் காசுலதான்னு பெருமையா சொல்லுவாரு. எனக்கும் கேக்க சந்தோஷமா இருந்துச்சு, பூமியிலேருந்து எடுத்ததை ஜனத்துக்குத் திருப்பிக் குடுத்த நாடுன்னு.

பட்டியில மாடு பாத்துக்கிட்டவங்க ஒரு சான் குடும்பம், அங்க பசார்வான்னு சொல்லுவாங்க. அந்த மண்ணுக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்தவங்க. கான்சில 1890கள்லேருந்து போயர்னு சொல்ற டச்சு வம்சாவளி வெள்ளைக்காரப் பண்ணைக்காரங்க வந்து நிலத்தை எடுத்துக்கிட்டதும் அதே நிலத்துல கூலிக்கு மாடு மேய்க்க ஆரம்பிச்ச ஜனம், இப்ப மத்தவங்க பட்டியிலயும் அதே வேலை. காட்டுத் தர்பூசணி வெளையற காலத்துல அதை உடைச்சு அந்தத் தண்ணியிலயே மாசக்கணக்கா இருந்த தலைமுறை அந்தப் பாட்டியோடது. இப்ப ஓனர் மாசக் கடைசியில பிக்கப்ல வர்றப்ப ஊர்க் குழாய்லேருந்து டிரம்ல தண்ணி புடிச்சுட்டு வருவாரு, குடிக்க அதுதான்.

தண்ணி ஆழத்துலதான் கெடைச்சுது. கம்ப்ரசர் காத்துக்கு மொதல்ல செம்மண் கலரா வந்து, அப்புறம் பால் மாதிரி, அப்புறம் தெளிஞ்சுது. மணிக்கு 3000 லிட்டர் பக்கம் வந்துச்சு, அந்தப் பக்கத்துக்கு நல்ல ஈல்டு. பசங்க எல்லாம் சத்தம் போட்டாங்க. நான் பக்கெட்ல புடிச்சு மீட்டரை விட்டா டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்ச உப்பு, லிட்டருக்கு 2600 மில்லிகிராம் பக்கம் காட்டுது. நாக்குல வெச்சாலே கரிப்பு. நம்ம நாட்டு அளவுப்படி 500க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும். மாடு இதைத் தாராளமா தாங்கும், 2600 அதுக்கு ஒரு விஷயமே இல்ல.

பாட்டி அப்பத்தான் வந்தாங்க. வணக்கம் சொல்லி, நான் திருப்பிச் சொல்ற வரைக்கும் நின்னு, அதுக்கப்புறம்தான் பேசினாங்க, அங்க அந்த முறைய யாரும் விடறதில்ல. பக்கெட் தண்ணியில வெரலை விட்டுச் சப்பிப் பாத்தாங்க. மூஞ்சியில ஒண்ணும் காட்டல. எங்க ரிக்ல ஹெல்பரா இருந்த உள்ளூர்ப் பையன்கிட்ட ஏதோ கேட்டாங்க, அவன் எங்கிட்ட, “ரா, இந்தத் தண்ணி மாட்டுக்கா, எங்களுக்கான்னு கேக்கறாங்க”ன்னான். ரான்னா அங்க நம்ம சார் மாதிரி.

நான் சொன்னேன், “ஓனர்கிட்ட கேக்கச் சொல்லுப்பா.”

அவ்வளவுதான் பேச்சு. பாட்டி தலையாட்டிட்டுப் போயிட்டாங்க.

ஏன் அப்படிச் சொன்னேன்னா, எங்கிட்ட இருந்தது ஒரு மீட்டரு. உப்பு எவ்வளவுன்னுதான் அது சொல்லும். மாட்டுப்பட்டி பக்கத்துல போர் போட்டா சாணம் கோமியம் எறங்கி நைட்ரேட் ஏற வாய்ப்பு இருக்கு, களஹாரில அது அடிக்கடி வர்ற பிரச்சனை, அது நாக்குக்கும் தெரியாது, மீட்டருக்கும் தெரியாது, கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து. அந்தக் குடிசையில கைக்குழந்தை இருந்துச்சு. லேபுக்கு சாம்பிள் போய் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி குடிக்கலாம்னு நான் எப்படிச் சொல்ல? குடிக்காதீங்கன்னு சொன்னாலும் அதை நிரூபிக்க எங்கிட்ட பேப்பர் கெடையாது. அதுபோக, ஓனருக்கும் அவரு ஆளுங்களுக்கும் நடுவுல வெளிநாட்டுலேருந்து வந்த டிரில்லர் தலையிடக்கூடாது, அது எங்க தொழில்ல எழுதாத சட்டம், அதை மீறினவங்க அடுத்த ஆர்டர் வாங்கினதில்ல. பையனுக்கு ஃபீஸ் கட்டணும், எனக்கும் வேலை வேணும்.

இதெல்லாம் நெஜம். ஆனா ராத்திரி டென்ட்ல படுத்திருக்கறப்ப வேற ஒண்ணு தோணுச்சு. பாட்டி தண்ணியோட தரத்தைக் கேக்கல. வெரலை விட்டுப் பாத்தவங்களுக்கு அது தெரியாதா என்ன, என் மீட்டரை விட அவங்க நாக்கு அந்த ஊர்த் தண்ணியில பழகினது. அவங்க கேட்டது டிரம்மைப் பத்தி. போர் வந்துடுச்சுல்ல, இனிமே டிரம் வருமா வராதான்னு கேட்டிருக்காங்க. அப்படின்னா என் பதில் அவங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? ஓனர்கிட்ட கேளுன்னா, டிரம் நிக்கறதும் வர்றதும் அவரு இஷ்டம்னு நானும் சேந்து முத்திரை குத்தின மாதிரி ஆயிடுச்சு. இல்ல, ஒருவேளை நான் சொல்லாம விட்டதுதான் நல்லதோ, மாட்டுக்குன்னு நான் சொல்லியிருந்தா அவங்க கேள்விக்கே எடம் இல்லாம போயிருக்கும், உங்களுக்கும்தான்னு சொல்லியிருந்தா டிரம் அன்னைக்கே நின்னிருக்கும். ரெண்டு பக்கமும் யோசிச்சா ரெண்டும் சரியாத்தான் தெரியுது.

ரிப்போர்ட்ல “கால்நடைப் பயன்பாடு”ன்னு எழுதினேன், டிடிஎஸ் அளவையும் போட்டேன், கூடவே ஓனர்கிட்ட போன்ல, “சார், ஆளுங்க குடிக்கறதுக்கு டிரம்ம நிறுத்திடாதீங்க”ன்னு சொன்னேன். “பாத்துக்கலாம்”னாரு. அது ஆமாவா இல்லையான்னு எனக்குப் பிடிபடல.

அப்புறம் காங்குங்கற ஊர்ப் பக்கம் வேற ஒரு பட்டியில இதே மாதிரி உப்புத் தண்ணி. அங்க யாரும் கேக்கறதுக்கு முன்னாடி நானே ஆளுங்களைக் கூப்புட்டு, இது குடிக்கறதுக்கு ஆகாதுன்னு தெளிவாச் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க. நாங்க ராடு கழட்டிட்டு இருக்கறப்பவே மேஸ்திரி கெட்டில்ல அதே தண்ணியைப் புடிச்சு அடுப்புல வெச்சாரு. நான் பாத்ததை அவரும் பாத்தாரு. “வேற எது இருக்கு?”ன்னாரு. அப்ப சொன்னாலும் ஒண்ணுதான் சொல்லாட்டியும் ஒண்ணுதான்னு ஒரு நிம்மதி வந்துச்சு, வந்த வேகத்துலயே போயிடுச்சு, ஏன்னா அவரு தெரிஞ்சு குடிக்கறாரு, பாட்டி வீட்டுக் கைக்குழந்தைக்கு யாரு சொல்லுவா.

இந்தக் கேள்வி அந்த நாட்டுல கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு. மத்திய களஹாரி சரணாலயம்னு 1961ல ஒதுக்கின எடத்துக்குள்ள இருந்த சான் மக்களை 1997லயும் 2002லயும் வெளிய குடியேத்தினாங்க. உள்ள மொத்தோமெலோங்கற எடத்துல இருந்த போரையும் 2002ல மூடினாங்க. 2006 டிசம்பர்ல ஹைகோர்ட்டு அவங்களை வெளியேத்தினது செல்லாதுன்னு சொல்லுச்சு, ஆனா தண்ணி மாதிரி வசதியெல்லாம் அரசாங்கம் செஞ்சு குடுக்கணும்னு கட்டாயம் இல்லன்னும் சொல்லுச்சு. திரும்பக் கேஸ் போட்டு, 2011 ஜனவரில அப்பீல் கோர்ட்டுலதான் அவங்க போர் வெச்சுக்க உரிமை இருக்குன்னு தீர்ப்பு வந்துச்சு, செலவு அவங்களோடதுன்னு.

அவங்க செலவுலங்கற அந்த எடத்துலதான் நான் நிக்கறேன். களஹாரில ஒரு போருக்கு எவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியும், கபரோனே ஆபீசரே பேங்க்ல கடன் போட்டுத்தான் குடுத்தாரு, அதுவும் கரிப்புத் தண்ணிக்கு. மாட்டுக் கூலிக்காரங்க அதை எங்கேருந்து கட்டுவாங்க. பொட்டல்ல மூணு குடிசைக்காக அரசாங்கம் போர் போடணுமான்னு ஓனர் ஒரு தடவ கேட்டாரு, செலவுக் கணக்கா பாத்தா அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு, நான் ஒண்ணும் பேசல.

இப்ப ஊர்ல இருந்துட்டு வெளிநாட்டு ஆர்டருக்குக் கொட்டேஷன் போட்டுக் குடுக்கறேன். ஒரு மீட்டர் ஆழத்துக்கு எவ்வளவு, கேசிங் எவ்வளவு, ஈல்டு டெஸ்ட் எவ்வளவு, எதுக்குத் தண்ணி, எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. அங்க எத்தன பேரு குடியிருக்காங்க, இப்ப எதைக் குடிக்கறாங்கன்னு ஒரு கட்டம் சேக்கலாமான்னு பார்ட்னர்கிட்ட கேட்டேன். சேத்துக்கோ, ஆனா அதை நிரப்பப் போறது ஓனர்தானேன்னான்.