பழைய பில்லு, புது டேபிள்: தேதி மாத்துற வேலைக் குறிப்பு

10 ஜூன் 2024, திங்கள்

ஈரோட்டுல ஒரு ஜவுளி மொத்தக்கடையோட பழைய பில்லு மொத்தத்தையும் எஸ்க்யூஎல் சர்வர்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல ஏத்தணும். எக்ஸெல் ஃபைலத் தொறந்தா தேதியில பாதி இடப்பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்குது, பாதி வலப்பக்கம். அதப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, யாரோ அமெரிக்கா செட்டிங் இருக்கற மெஷின்ல சிஎஸ்விய (கமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) எக்ஸெல்ல தொறந்து சேவ் பண்ணிருக்காங்க. நாள் 12க்குள்ள இருந்தா எக்ஸெல் அத மாசம்னு எடுத்துக்கும், மே 4 போய் ஏப்ரல் 5 ஆயிடும், 13லேருந்து அப்படி ஒரு மாசமே இல்லையேன்னு வெறும் எழுத்தா விட்டுடும். ஆக எழுத்தா நிக்கறதெல்லாம் சரி, தேதி மாதிரி அழகா உக்காந்திருக்கே அதுதான் வில்லங்கம்.

11 ஜூன்

எழுத்தா இருந்தத ட்ரை_கன்வெர்ட்ங்கற ஃபங்ஷன்ல ஸ்டைல் 103 குடுத்து மாத்தியாச்சு, 103ன்னா நம்ம ஊரு நாள்/மாசம்/வருசம். வெறும் கன்வெர்ட் போட்டா ஒரு வரி கெட்டுப்போனாலும் மொத்த க்வெரியும் (டேட்டாபேஸுக்குக் குடுக்கற கட்டளை) படுத்துடும், ட்ரை போட்டா அந்த வரிக்கு மட்டும் நல் (NULL, மதிப்பே இல்லாத காலி) வரும், எஸ்க்யூஎல் சர்வர் 2012 வெர்ஷன்லேருந்து இருக்கு.

எக்ஸெல் தேதின்னு எடுத்துக்கிட்ட மீதியெல்லாம் 45000 மாதிரி நம்பரா வந்திருக்கு. எக்ஸெல்ல 45000ன்னா 15 மார்ச் 2023. அதையே இங்க எஸ்க்யூஎல் சர்வர்ல டேட்டைம்னு (தேதியும் நேரமும் சேந்த டைப்) மாத்தினா மார்ச் 17! இங்க 1 ஜனவரி 1900 பூஜ்யம், அங்க அது 1, போதாக்குறைக்கு 1900ல இல்லவே இல்லாத பிப்ரவரி 29ஐ எக்ஸெல் எண்ணி வச்சிருக்கு, லோட்டஸ் 1-2-3ங்கற பழைய ஸ்ப்ரெட்ஷீட் சாஃப்ட்வேர் பண்ண தப்போட ஒத்துப்போகணும்னு வேணும்னே விட்டது. 30 டிசம்பர் 1899லேருந்து கூட்டினா சரியா வருது.

13 ஜூன்

நாள் மாசம் மாறினத எப்படி உறுதி பண்றதுன்னு கணக்கு பாக்கற அண்ணன்கிட்ட கேட்டேன். "பில் நம்பரு வரிசையாத்தானே போகுங்க தம்பி, முன்னாடி பில்லுக்கு முந்துன தேதி எப்படிங்க வரும்"னாரு. அவ்வளவுதான். முந்தின வரியோட மதிப்ப எடுத்துக் குடுக்கற லேக் (LAG) ஃபங்ஷன் போட்டு பில் நம்பர் வரிசையில பாத்தா தேதி எங்கெங்க குதிக்குதுன்னு பளிச்சுனு தெரியுது, நாளையும் மாசத்தையும் திருப்பிப் போட்டதும் ஒழுங்கா உக்காந்துடுச்சு. இந்த யோசன எந்த டாக்குமெண்ட்லயும் இருக்காது.

இன்னொரு கூத்து. '2024-05-04'ன்னு எழுதிட்டா எங்கயும் சரியா வரும்னு நெனப்போம்ல, லாகின் மொழி பிரிட்டிஷ் இங்கிலீஷா இருந்தா டேட்டைம் அத ஏப்ரல் 5ன்னு படிக்கும், எர்ரரும் கெடையாது. டேட் டைப்புல அந்தப் பிரச்சன இல்ல. டேட்டைம்தான் வேணும்னா கோடு எதுவும் போடாம '20240504'ன்னு எழுதிட்டுப் போங்க.

14 ஜூன், வெள்ளி

ஆடிட்டருக்கு வருசக் கடைசி ரிப்போர்ட். ஏற்கனவே இருந்த க்வெரியில ரெண்டு எல்லையையும் சேத்துக்கற பிட்வீன் போட்டு மார்ச் 31 இரவு 23:59:59.999 வரைக்கும்னு இருந்துச்சு. டேட்டைமுக்கு அந்த 999 தெரியாது, ஏப்ரல் 1 பூஜ்ய மணிக்கு உருட்டிடும், நம்ம பில்லுல நேரமே இல்லாததால எல்லாம் பூஜ்ய மணிதான், ஏப்ரல் 1 வியாபாரம் பூரா பழைய வருசக் கணக்குல ஏறிடுச்சு. ஏப்ரல் 1க்கு கீழன்னு மாத்திட்டேன். எந்த வரி வேணும்னு சொல்ற WHERE பகுதியில தேதிய எழுத்தா கன்வெர்ட் பண்ணி ஒப்பிட்டு வச்சிருந்ததையும் தூக்கியாச்சு, அப்படி வச்சா சீக்கிரமா தேடறதுக்கான இண்டெக்ஸ் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

17 ஜூன்

தொகை '1,25,000'ன்னு கமாவோட இருக்கு. டெசிமல் டைப்புக்கு மாத்தினா எர்ரர் அடிக்குது, பணத்துக்கான மணி (money) டைப் வாங்கிக்குது, ஆனா கமா எங்க இருந்தாலும் கண்டுக்காது, '1,2,5'ம் 125தான். அதனால கமாவ ரிப்ளேஸ்ல எடுத்துட்டு டெசிமலாவே வச்சுட்டேன்.

ஆளுங்க பொறந்த தேதி மட்டும் பாக்கி. வருசம் ரெண்டு இலக்கம்தான், எஸ்க்யூஎல் சர்வர் 49 வரைக்கும் முன்னாடி 20ன்னு சேக்கும், 50லேருந்து 19. பெரிய முதலாளி '12-08-48', அவரு இனிமேத்தான் 2048ல பொறக்கணும் போல. ஆதார் நகல் வர்ற வரைக்கும் அந்தக் கட்டம் வார்காராவே (வெறும் எழுத்து டைப்) கெடக்கட்டும்னு விட்டுட்டேன்.