ஈபி அட்டையிலிருந்து தொடங்கும் பேச்சு

காலநிலை மாற்றம் பற்றியும் சூரிய மின்சாரம் பற்றியும் ஊர் மக்களிடம் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் உருகும் பனிப்பாறைப் படத்தோடு போகிறார்கள். வந்தவர்கள் மரியாதைக்காகப் பார்த்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள், கேள்வி ஒன்றும் வராது. அதே ஆட்களிடம் "உங்க ஈபி அட்டையை எடுத்துட்டு வாங்க, போன தடவை எத்தனை யூனிட் ஓடியிருக்குன்னு பார்ப்போம்" என்று சொன்னால் பத்து நிமிடத்தில் திண்ணை நிறைந்துவிடும். இந்த வேலையில் பேச்சு தொடங்க வேண்டிய இடம், மின்வாரியம் யூனிட் கணக்கைக் குறித்துவைக்கும் அந்த வெள்ளை அட்டை. அட்டை இல்லாத வீட்டில் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தி போதும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கூடுதலாக ஓடிய யூனிட்டுகளுக்கு விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரை கிடைத்துவந்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும். 490 யூனிட் ஓடிய வீட்டுக்கும் 510 யூனிட் ஓடிய வீட்டுக்கும் பில் சட்டென்று வேறுபடுவது இதனால்தான். பலருக்கு இது தெரியாது. மீட்டர் தப்பாக ஓடுகிறது என்றே நினைத்திருப்பார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்தாலே, அடுத்துச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

பிறகு கணக்கு. நிழல் விழாத கூரையில் 1 கிலோவாட் பேனல், வருடச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். இரண்டு மாதத்தில் 600 யூனிட் ஓடும் வீட்டில் 2 கிலோவாட் வைத்தால் 480 கழிந்து, பில்லில் 120 மட்டும் நிற்கும். இதைப் பேனாவால் அவர்கள் அட்டையின் ஓரத்திலேயே எழுதிக் காட்டுவது நல்லது. திரையில் காட்டும் அட்டவணை கூட்டம் முடிந்ததும் மறந்துபோகும், அட்டை வீட்டிலேயே இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடும் வீட்டுக்காரர் ஆசையோடு வந்து நிற்பார். அவருக்கு 100 யூனிட் இலவசம், மீதி 80-ம் குறைந்த கட்டணத்தில் வருகிறது. பேனலில் போடும் பணம் அவருக்கு எளிதில் திரும்பாது. "உங்களுக்கு இப்போ இது வேண்டாம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு: 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதிலாக குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி விசிறி போட்டால், நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் வீட்டில் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிஞ்சும். வேண்டாம் என்று ஒருவரிடம் சொன்ன வாய், அடுத்தவரிடம் வேண்டும் என்று சொல்லும்போது நம்பப்படுகிறது. எத்தனை கூட்டம் போட்டாலும் இதற்கு ஈடான வழி எதுவும் தென்படவில்லை.

"இலவசம்" என்ற சொல்லை மிகக் கவனமாகக் கையாள வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் பெயரிலேயே இலவச மின்சாரம் என்று இருக்கிறது. நம் ஊரில் இலவசம் என்றால் மிக்ஸி, கிரைண்டர் போலப் பொருளே வீடு தேடி வருவது. பேனலும் அப்படி வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. உண்மையில் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. முதலில் கையிலிருந்தோ வங்கிக் கடனிலோ பணம் போட்டு, பேனல் ஏறி, லைனிலிருந்து வீட்டுக்கு வருவதையும் கூரையிலிருந்து லைனுக்குப் போவதையும் கணக்கிடும் இருவழி மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். பேனலும், அதற்குள் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் கட்டங்களான செல்களும் உள்நாட்டில் செய்தவையாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று வேறு பேனலை ஏற்றிவிட்டால் மானியம் கிடைக்காது.

விண்ணப்பம் அதிகம் முடங்குவது பெயரில்தான். இணைப்பு இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், பங்கு பிரியாத வீடாக இருக்கும். பெயர் மாற்றம் முடியாமல் விண்ணப்பிக்க வைத்தால் மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் "சோலாரே ஏமாத்து" என்ற பேச்சாக ஊரில் தங்கிவிடும். அட்டையைக் கையில் வாங்கியதும் யூனிட்டைப் பார்ப்பதற்கு முன்பே பெயரைப் பார்த்துவிட வேண்டும்.

கேட்காவிட்டாலும் நாமே முதலில் சொல்லிவிட வேண்டிய ஒன்று: கரண்ட் போனால் இதுவும் நிற்கும். பட்டப்பகலில், சுள்ளென்று வெயில் அடிக்கும்போதும் நிற்கும். கம்பத்தில் வேலை செய்பவர் லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கை வைக்கும்போது, வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் திரும்பிப் போய் அவரைத் தாக்கக் கூடாது. அதற்காக, லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்த கணத்திலேயே, பேனல் தருவதை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்கிறது. மின்வெட்டுக்கும் வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் அமைப்பு போட வேண்டும், செலவு நன்றாகக் கூடும். இதை மறைத்து விற்ற ஊரில் அடுத்த பத்து வீட்டுக்குள் நுழைய முடியாது. காரணத்தோடு சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. லைன்மேன் அந்த ஊர்க்காரர்தானே.

செய்து காட்டுவதற்குப் பெரிய கருவி தேவையில்லை. 20 வாட் பேனல் ஒன்று, 10 வாட்டுக்குள் ஓடும் 12 வோல்ட் சின்ன விசிறி ஒன்று. வெயிலில் வைத்து இணைத்தால் விசிறி சுற்றும். அப்போது பேனலின் ஒரே ஒரு செல்லை உள்ளங்கையால் முழுக்க மூடச் சொல்ல வேண்டும். கூட்டத்திலிருந்தே ஒருவர், முடிந்தால் பள்ளிப் பிள்ளை ஒன்று, வந்து மூடட்டும். மறைத்தது கையளவு இடம், விசிறியோ சட்டென்று தளர்ந்துவிடும். செல்கள் மாலையில் பூப்போல வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன, ஒன்று அடைத்தால் மற்றவற்றின் ஓட்டமும் குறையும் என்று அப்போது சொன்னால் போதும். உடனே ஆளாளுக்குத் தங்கள் மாடியை நினைத்துப் பார்ப்பார்கள். தென்னை ஓலை விழும் மூலை, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுப் படிக்கட்டு அறை என்று கேள்விகள் தானாக வரும்.

நிழலைச் சித்திரை வெயிலில் பார்த்து முடிவு செய்வது பெரிய தவறு. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். சென்னையில் 10 அடி உயரச் சுவர், மார்கழி நண்பகலில் வடக்கே 7 அடிக்கு மேல் நிழல் போடும், காலையும் மாலையும் இன்னும் நீளும். தெற்குப் பக்கம் காலி மனை இருந்தால் அங்கே நாளை மாடி எழும்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தச் செய்முறை சொதப்புவது நேரத்தால். மகளிர் குழுப் பெண்கள் ஒன்றாக உட்காரக் கிடைப்பது சாயங்காலம்தான், அப்போது வெயில் இருக்காது. விசிறி சுற்றாத செய்முறையைக் காட்டுவதைவிடக் காட்டாமலே இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குமேல் பேனலை வைத்துக் காட்டிவிட்டு, கணக்குப் போடுவதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்வது சரிவரும். கிராம சபையை நம்பிப் பயனில்லை. ஆண்டுக்கு ஆறு முறை கூடினாலும் அங்கே தண்ணீர், சாலை, நூறு நாள் வேலை என்று பேச வேண்டியது நிறைய இருக்கும், அது நியாயமும்கூட. பதினைந்து இருபது பேர் உட்காரும் குழுக் கூட்டத்தில்தான் ஒவ்வொரு அட்டையையும் பார்க்க முடியும்.

அடிக்கடி வரும் கேள்விகளில் சில, தப்பான எண்ணத்திலிருந்து வருபவை. அவற்றைக் கேலி செய்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. "வெயில் கூடக் கூடக் கரண்ட் கூடுமா?" என்பார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் திறன் குறையும். அக்னி நட்சத்திரத்தில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். மாசி, பங்குனியில் வானம் தெளிந்து சூடு அவ்வளவு ஏறாத நாட்களில் நல்ல விளைச்சல் வரும். விளைச்சல் என்ற சொல்லையே பயன்படுத்தலாம், விவசாயிகளுக்கு உடனே பிடிபடும்.

தென்காசி, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் போனால் "காத்தாடி போட்டதுலேர்ந்து மழையே இல்லை, மேகத்தை எல்லாம் கலைச்சிடுது" என்பார்கள். அவர்கள் கண்டதில் பாதி உண்மை: காற்றாலை நிற்கும் இடத்தில் தென்மேற்குப் பருவத்தில் மழை குறைவு. காரணம் மேற்குத் தொடர்ச்சி மலை. மழையை மலையின் மேற்குச் சரிவு வாங்கிக்கொள்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு போன்ற கணவாய்கள் வழியாக இந்தப் பக்கம் வருவது பலத்த வறண்ட காற்று. அந்தக் காற்றைத் தேடித்தான் முப்பந்தலில் காற்றாலை வைத்தார்கள். காற்றாலைக்கு முன்பும் அங்கே ஆடிக்காற்று அப்படித்தான் அடித்தது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரே எழுந்து சொல்வார். அவர் சொல்லும்வரை காத்திருப்பது நல்லது.

காலநிலை பற்றிய பேச்சு இதற்கெல்லாம் பிறகு வரட்டும். சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. "காலநிலை மாற்றம்" என்றதும் வயதானவர்கள் "ஆமாம், காலம் கெட்டுப்போச்சு" என்பார்கள். அவர்கள் சொல்வது கலிகாலத்தை. அதில் மனிதர் செய்ய ஏதுமில்லை. "பருவம் தப்பிப் பெய்யுது", "ஆடிப்பட்டத்துக்கு ஈரம் இல்லை" என்று தொடங்கினால் பேச்சு வயலிலேயே நிற்கும். படித்தவர்களிடம் இருக்கும் குழப்பம் ஓசோன் ஓட்டை. பூமி சூடாவது அதனால்தான் என்று நிறையப் பேர் உறுதியாக நம்புகிறார்கள். ஓசோன் ஓட்டை வேறு, நிலக்கரி எரிந்து வரும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குவது வேறு என்று பிரித்துச் சொல்லாவிட்டால் நிலக்கரிக்கு இதில் என்ன வேலை என்பதே புரியாது.

நிலக்கரியைக் கண்ணால் காட்டிவிடலாம். அனல் மின்நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. அந்த எடைக்குக் கரியை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து ஒரு பையில் கட்டி, வெந்நீர் போடும் 1,000 வாட் ஹீட்டர் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தால், ஒரு மணி நேரம் கம்பி ஓட இவ்வளவு என்று புரிந்துவிடும். பையைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்ப்பார்கள். 3 கிலோவாட் பேனல் ஆண்டுக்குத் தரும் 4,000-க்கும் மேற்பட்ட யூனிட்டை அதோடு பெருக்கினால் மூன்று டன்னை நெருங்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது என்ற எண்ணை அந்தப் பையைத் தூக்கியவரிடம் சொன்னால் அவருக்கு அது வெறும் எண்ணாக இருக்காது.

வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது அளந்து பேச வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் கொட்டினால் இப்படிக் கொட்டுவதற்கான வாய்ப்பு கூடுகிறது என்பது வரை சொல்லலாம். வெள்ளத்துக்கு முழுக்காரணமும் அதுவே என்று சொன்னால், ஏரி மனையானதையும் ஓடை அடைபட்டதையும் கண்ணெதிரே பார்த்த மக்கள் அதிகாரிகளைக் காப்பாற்றப் பேசுவதாக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் கோபம் சரியானது. இரண்டு காரணமும் சேர்ந்தே வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவருகின்றன.

பேனல் ஏறிய பிறகும் பேச்சு தொடர வேண்டும். போர்த் தண்ணீரால் கழுவினால் உப்பு படிந்து வெள்ளையாகத் திட்டுத் திட்டாகும், நல்ல தண்ணீரால் காலையிலேயே கழுவ வேண்டும், உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதெல்லாம் வாய்வார்த்தையாகச் சொன்னால் நிற்பதில்லை. ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவிட்டு வர வேண்டும். அதே தாளில் மாதவாரியாக எவ்வளவு யூனிட் எதிர்பார்க்கலாம் என்பதும் இருக்கட்டும். மாசியில் போட்ட வீட்டுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் முதல் சோதனை வரும். அடைமழை நாளில் கிலோவாட்டுக்கு ஒரு யூனிட் வந்தாலே அதிகம். அந்த இரண்டு மாத பில் வருவதற்கு முன்பே ஒரு தடவை போன் போட்டு, "இந்தத் தடவை பில் கூடத்தான் வரும், தாளைப் பாருங்க, தை பிறந்ததும் சரியாகும்" என்று சொல்லிவிட வேண்டும்.