ஜன்னலடியில் ஒரு கொலுப்பெட்டி

எங்கள் வீட்டுக் கொலு பொம்மைகள் வருடம் முழுக்கப் பரணில்தான் கிடக்கும். போன வருடம் அம்மாவுக்கு முழங்கால் வலி முற்றி, ஏணியில் ஏறுவது நின்றுபோனது. நான் இறக்க இறக்க, "மெதுவாடா, அது பாட்டியோட செட்டியார்" என்று கீழே நின்று பதறிக்கொண்டே இருந்தார். பொம்மைகள் அம்மாவின் கைக்கு எட்ட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். கூடத்து ஜன்னலுக்குக் கீழே, இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவில் ஆறடி இடம் சும்மா கிடந்தது. மேலே உட்கார மெத்தை, உள்ளே பொம்மை.

உயரத்தை முடிவு செய்தவர் குழலூதும் கிருஷ்ணர். இருப்பதிலேயே உயரமான பொம்மை, 13 அங்குலம். படுக்க வைத்தால் குழல் பிடித்த கை ஒடிந்துவிடும். அதனால் உள்ளே பதின்மூன்றரை அங்குலம் வேண்டும். தரையில் ஓர் அங்குல ரீப்பர் கட்டை, அடிப்பலகை, மூடி எல்லாம் சேர்ந்து 16. அதன்மேல் 3 அங்குல மெத்தை. முழங்கால் வலி உள்ளவர் உட்கார்ந்து எழ இந்த 19 அங்குலம் சரியாகவே இருக்கிறது. தாழ்வாக இருந்தால்தான் கஷ்டம்.

18 எம்எம் பிளைவுட் இரண்டு ஷீட் ஆனது. ஐப்பசி மழையில் அந்த ஜன்னலில் சாரல் அடிக்கும் என்பதால் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்கினேன். விலை கூடுதல்தான், ஆனால் ஜன்னலோரத்தில் சாதாரண பிளைவுட் வேண்டாம்.

தப்பு நடந்தது அளவில். ஆசாரி வருவதற்கு முன்பே தரையோடு டேப் வைத்து அளந்து, கடையிலேயே பலகைகளை அறுத்து வந்துவிட்டேன். வைத்துப் பார்த்தால் உள்ளே போகவில்லை. தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மேலே சுவர்ப் பூச்சு பிதுங்கி, இடம் அரை அங்குலம் குறைந்திருந்தது. "தம்பி, எந்தச் சுவரும் நேரா நிக்காது. கீழ, நடுவுல, மேலன்னு மூணு இடத்துல அளந்து, அதுல சின்னதை எடுத்துக்கணும்" என்றார் ஆசாரி. நீளப் பலகைகள் எல்லாவற்றிலும் அரை அங்குலம் சீவுவதில் பாதி நாள் போனது.

அப்புறம் சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் டைல். அது சுவரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பெட்டி சுவரோடு ஒட்டவில்லை. ஆசாரி ஒரு உடைந்த டைல் துண்டைப் பலகையின் ஓரத்தில் வைத்து, பென்சிலால் கோடு இழுத்து, உளியால் அந்த அளவுக்கு மட்டும் கொத்தி எடுத்தார். தள்ளியதும் பெட்டி சுவரோடு போய் அமர்ந்தது.

மூடியில்தான் அதிகம் யோசித்தோம். ஆறடிக்கு ஒரே மூடி போட்டால் நடுவில் தொய்யும், அம்மாவால் தூக்கவும் முடியாது. அதனால் மூன்றடியில் இரண்டு மூடிகள், நடுவில் ஒரு தடுப்பு. சுவரை ஒட்டி 3 அங்குலப் பட்டையை அசையாமல் அடித்து, அதில் மூடியின் நீளம் முழுக்க ஓடும் பியானோ கீல் வைத்தோம். மூடி கொஞ்சம் பின்னால் சாய்ந்து நிற்க அந்த இடைவெளி வேண்டும். தடாலென்று விழாமல் தாங்கிப் பிடிக்க, மூடிக்கு இரண்டு கேஸ் பம்ப். அக்கா பெண்ணுக்கு மூன்று வயது, விரல் விட்டுவிடுவாளோ என்ற பயம் எனக்கு. கைப்பிடி கிடையாது, விரல் நுழைய அரைவட்டமாக ஒரு வெட்டு மட்டும். மெத்தையைப் போட்டுவிட்டால் பெட்டி என்றே தெரியாது. உள்ளே புழுக்கம் தங்காமல் இருக்க, முன்பலகையின் கீழ்ப்பக்கம் சின்னத் துளைகள் போட்டு உள்பக்கம் கொசுவலை ஒட்டினோம்.

மைக்கா ஒட்டியபின் பத்து நாள் மூடிகளைத் திறந்தே வைத்தேன். பசை வாடை போனதும் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டுகளோடு அடுக்கினோம்.

மகாளய அமாவாசையன்று அம்மா ஒரு பாதியில் உட்கார்ந்தார், பக்கத்து மூடியைத் திறந்தார், எழுந்திருக்காமலே ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார். கிருஷ்ணரைக் கடைசியாக எடுத்து, துணியைப் பிரித்து, குழல் பிடித்த கையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.