வீடு மாறிய பூனையும் மணல் தட்டும்

வீடு மாறிய மூன்றாம் நாள், எங்கள் பூனை தன் மணல் தட்டை ஒருமுறை முகர்ந்துவிட்டு, நேராகச் சென்று மடித்து வைத்திருந்த போர்வையின் மேல் சிறுநீர் கழித்தது. கோபம் வந்தது உண்மைதான். ஆனால் தவறு என்னுடையது. புதுத் தட்டில் வாசனை சேர்த்த புது மணலை நிரப்பி, சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நம் மூக்குக்கு இதமான அந்த வாசனை, நம்மைவிடக் கூர்ந்த மோப்பம் உடைய பூனைக்குத் தொல்லை என்பதும், இயந்திரம் திடீரென்று அதிர்ந்தால் அது மிரண்டு அந்த இடத்தையே வெறுக்கக்கூடும் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய தட்டையே தேடி எடுத்து, பழகிய மணலை 3 முதல் 5 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பி, அமைதியான சிறிய அறையில் வைத்து, பூனையையும் சில நாட்கள் அங்கேயே இருக்கவிட்டேன். உணவுக் கிண்ணத்தை எதிர் மூலைக்கு நகர்த்தினேன். போர்வையை நொதி கலந்த திரவத்தால் துவைத்தேன். அமோனியா கலந்தவை சிறுநீர் வாடையையே நினைவூட்டும் என்பதால் தவிர்த்தேன். அதட்டவில்லை, அதட்டினால் ஒளிந்து கழிக்கத்தான் பழகும்.

ஆண் பூனை தட்டில் நெடுநேரம் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது சிறுநீர்ப்பாதை அடைப்பாக இருக்கலாம். அப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். எங்கள் பூனைக்கு அப்படி எதுவும் இல்லை. ஐந்தாம் நாள் நள்ளிரவில், மணலைப் பறண்டும் சத்தம் கேட்டது.