ரொட்டித் தோழர்களும் காட்டுப்பூனைகளும்

ஆங்கிலத்தில் 'வைல்ட்கேட்' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் காட்டுப்பூனை என்று இருக்கும். ஆனால் செய்தி மொழிபெயர்ப்பில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களிடம் அது பூனையாக வருவது அபூர்வம். வைல்ட்கேட் ஸ்ட்ரைக் என்று வரும், வைல்ட்கேட் வெல் என்று எண்ணெய்க் கிணறாக வரும், அமெரிக்க வரலாற்றைப் பற்றிய கட்டுரை என்றால் வைல்ட்கேட் பேங்க் என்றுகூட வரும். இன்னொரு பக்கம் கம்பேனியன், காம்ரேட், மேட், ஃபெல்லோ, பேல், க்ரோனி என்று கூட இருப்பவரைக் குறிக்கும் சொற்கள் வரிசை கட்டி நிற்கும். எல்லாவற்றுக்கும் 'நண்பர்' என்று ஒரே சொல்லைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். எனக்கு இது பொறுப்பதே இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் மனிதர்கள் எதையோ பங்கிட்டுக்கொண்ட கதை இருக்கிறது, அதை நாம் அழித்துவிடுகிறோம். தோழமைச் சொற்களும் காட்டுப்பூனைச் சொற்களும் வரலாற்றில் சில இடங்களில் ஒன்றோடொன்று வந்து சேர்ந்திருக்கின்றன என்பதும் பல நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கம்பேனியன் என்பது லத்தீனில் 'கூட' என்பதையும் 'ரொட்டி' என்பதையும் சேர்த்து உண்டான சொல். கூட உட்கார்ந்து ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்பவர். கம்பெனி என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். மேட் என்பதற்கும் சாப்பாட்டுக்கும் உறவு உண்டு: 'மீட்' என்பது பழைய ஆங்கிலத்தில் இறைச்சியை மட்டும் குறிக்கவில்லை, உணவு முழுவதையும் குறித்தது, அந்த வேரில் வருகிறது மேட். காம்ரேட் ஸ்பானிய மொழி வழியாக வந்தது, ஒரே அறையில் படுத்துறங்கும் படைவீரர்கள் அப்படி அழைத்துக்கொண்டார்கள். லத்தீனில் கேமரா என்றால் அறை என்றுதான் பொருள். ஃபெல்லோ வடக்கே நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதில் 'ஃபே' என்றால் கால்நடை, அதன் வழியே சொத்து, பணம். தன் பங்குப் பணத்தைக் கூட்டுத் தொழிலில் கொண்டுவந்து வைப்பவர் ஃபெல்லோ. (குறளில் மாடு என்ற சொல் செல்வம் என்ற பொருளில் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள்.) பேல் என்பது ரோமானி மொழியில் சகோதரன், சமஸ்கிருத 'ப்ராத்ரு'வுக்கு உறவுக்காரச் சொல். இந்தியாவிலிருந்து நூற்றாண்டுகளுக்கு முன் மேற்கே போன மக்கள் எடுத்துச் சென்ற சொல் அது, இன்றைக்குப் பணம் அனுப்பும் பேபால் வரைக்கும் வந்து நிற்கிறது. ஆக ரொட்டி, அறை, பணம், கூடப் பிறந்த இரத்தம். ஃப்ரெண்ட் மட்டும்தான் தனி, அதன் வேர்ப்பொருள் நேசிப்பவர்.

பயன்பாட்டில் இந்த வேறுபாடுகள் உயிரோடு இருக்கின்றன. 1980-களில் அமெரிக்கப் பத்திரிகைகளின் இரங்கல் குறிப்புகளில், எய்ட்ஸில் இறந்த ஓர் ஆணோடு பல ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த இன்னொரு ஆணை 'நீண்டகாலக் கம்பேனியன்' என்று எழுதினார்கள். கணவர் என்று எழுத முடியாது, சட்டம் இல்லை. நண்பர் என்று எழுதினால் பொய். அந்த இடைவெளியை இந்தச் சொல் சுமந்தது. அதைத் தமிழில் 'நெடுநாள் நண்பர்' என்று போட்டால் இறந்தவருக்கும் உயிரோடு இருப்பவருக்கும் அநியாயம் செய்கிறோம், 'வாழ்க்கைத் துணை' என்றுதான் எழுத வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

மேட் ஆஸ்திரேலியாவில் கிட்டத்தட்ட ஒரு மதம். 1999-ல் அந்த நாட்டு அரசியலமைப்புக்கு ஒரு முகப்புரை சேர்க்கலாம் என்று பேச்சு வந்தபோது, பிரதமர் ஜான் ஹோவர்ட் 'மேட்ஷிப்' என்ற சொல் அதில் இருக்க வேண்டும் என்று முதல் வரைவிலேயே வைத்தார். எதிர்ப்பு வந்தது, ஆண்களின் சொல் என்றார்கள், கடைசி வடிவத்தில் அது இல்லை. நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் முகப்புரையே தோற்றுப்போனது. க்ரோனி கெட்டுப்போன கதை வேறு. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் கிரேக்கத்திலிருந்து 'நெடுங்காலமாக இருப்பது' என்ற பொருளில் விளையாட்டாக எடுத்த சொல் என்பார்கள், இன்று க்ரோனி கேப்பிடலிசம் என்று வேண்டப்பட்டவர்களுக்கு ஒப்பந்தம் கொடுக்கும் ஆட்சிக்குப் பெயராகிவிட்டது. நம்மூர் ஆங்கிலத்தில் ஃபெல்லோவுக்கும் இதே கதிதான், 'தட் ஃபெல்லோ' என்றால் மரியாதை போய்விட்டது என்று அர்த்தம். அதே சொல்லைப் பல்கலைக்கழகத்தில் பெயருக்குப் பின்னால் போட்டால் பெருமை.

சரி, பூனைகளுக்கு வருவோம். இங்கே குழப்பம் இன்னும் அதிகம், ஏனென்றால் ஆங்கிலேயருக்குச் சொந்த மண்ணில் இருந்த பெரிய பூனையினம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. காது நுனியில் மயிர்க்குஞ்சம் உள்ள லின்க்ஸ் என்ற பூனையினம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரிட்டனில் அழிந்துவிட்டது, மிஞ்சியது ஸ்காட்லாந்துக் காட்டுப்பூனை மட்டும். அதையும் காப்பாற்ற 2023-ல் கூண்டில் வளர்த்த பூனைகளைக் கெய்ர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அதனால் மற்ற பூனைகளுக்கெல்லாம் கடன் வாங்கிய பெயர்கள்தான். பூமா தென்னமெரிக்கக் கெச்சுவா மொழியிலிருந்து, ஜாகுவார் டூப்பியிலிருந்து, ஆசலாட் மெக்சிகோவின் நவாட்டிலிலிருந்து, காரகல் துருக்கியின் 'கருங்காது' என்பதிலிருந்து. சீட்டா நம் பக்கத்திலிருந்தே போனது, 'புள்ளி போட்டது' என்று பொருள் தரும் வடமொழி வேர். லெப்பர்ட் என்பதில் சிங்கமும் இருக்கிறது, ஏனென்றால் சிங்கத்துக்கும் 'பார்ட்' என்ற வேறொரு விலங்குக்கும் பிறந்த கலப்பு அது என்று பழங்காலத்தில் நம்பினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவுன்ஸ். எடை அவுன்ஸ் இல்லை, இது விலங்கு. பழைய பிரெஞ்சில் லின்க்ஸை 'லோன்ஸ்' என்று சொல்ல, முன்னால் இருந்த 'ல்' என்ற ஒலி பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ஒட்டு என்று நினைத்து அதை வெட்டிவிட்டார்கள், மிச்சம் 'ஓன்ஸ்' ஆகி ஆங்கிலத்தில் அவுன்ஸ் ஆனது. பிறகு அந்தப் பெயர் லின்க்ஸை விட்டு இமயமலைப் பனிச்சிறுத்தைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இன்றும் பனிச்சிறுத்தையின் அறிவியல் பெயர் பேந்தெரா அன்சியா. ஒரு எழுத்தை இழந்த சொல் லடாக் வரைக்கும் ஏறிப் போயிருக்கிறது.

பூமாவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இதே விலங்கைக் கலிபோர்னியாவில் மவுண்டன் லயன் என்பார்கள், வேறு மாநிலங்களில் கூகர், பழைய ஆட்கள் கேட்டமவுண்ட், ஃபுளோரிடாவில் பேந்தர். 1990-களில் ஃபுளோரிடாவில் இருபது முப்பதுதான் மிச்சம், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் ஆகி வால் மடங்கியும் இதயக் கோளாறோடும் குட்டிகள் பிறந்தன. 1995-ல் டெக்சஸிலிருந்து 8 பெண் பூமாக்களைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். டெக்சஸில் ஏறும்போது அவற்றின் பெயர் மவுண்டன் லயன், ஃபுளோரிடாவில் இறங்கியபோது அவற்றின் குட்டிகள் பேந்தர். இனம் பிழைத்தது, இன்று நூற்றைத் தாண்டி இருக்கின்றன. பேந்தர் என்று பார்த்தவுடன் சிறுத்தை என்று எழுதிவிடுபவர்கள் இந்த ஒரு கதையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது அந்த வைல்ட்கேட். 1837-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் யார் வேண்டுமானாலும் வங்கி தொடங்கலாம் என்று சட்டம் வந்தது, வங்கி தன் கையிருப்பில் தங்கமோ வெள்ளியோ வைத்துக்கொண்டு நோட்டு அச்சடிக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத, காட்டுப்பூனை திரியும் இடங்களில் போய் வங்கி திறந்தார்கள், நோட்டைத் தங்கமாகவோ வெள்ளியாகவோ மாற்ற வருபவன் வழி கண்டுபிடிக்கவே கூடாது என்பதற்காக. சோதனை அதிகாரி வரும் செய்தி தெரிந்தால் ஒரே நாணயப் பெட்டியை வங்கி விட்டு வங்கி வண்டியில் ஓட்டிப் போனார்கள். சில பீப்பாய்களில் அடியில் ஆணி, மேலே ஒரு வரிசை வெள்ளி. அப்புறம் அந்தப் பெயர் எண்ணெய்த் தொழிலுக்குப் போனது: எண்ணெய் இருப்பதாகத் தெரியாத நிலத்தில் துணிந்து போடும் கிணறு வைல்ட்கேட், போடுபவர் வைல்ட்கேட்டர். கடைசியில் தொழிற்சங்கத் தலைமையின் ஒப்புதல் இல்லாமல் தொழிலாளிகள் தாங்களாகவே இறங்கும் வேலைநிறுத்தத்துக்கும் அதுவே பெயர். மேலே இருப்பவர் சொல்லாமல் போவது, வரைபடத்துக்கு வெளியே போவது: இதுதான் எல்லாவற்றுக்கும் பொது.

அப்படி ஒரு வேலைநிறுத்தம் 1970 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்தது. அமெரிக்க மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதே சட்ட விரோதம். தபால்காரர்களின் சம்பளம் அந்த நகரத்தில் குடும்பம் நடத்தப் போதவில்லை, முழுநேர வேலையில் இருந்துகொண்டே அரசு உதவித்தொகைக்குத் தகுதி பெறும் நிலையில் பலர். மன்ஹாட்டன், பிராங்க்ஸ் கிளையில் 1,555 பேர் ஆதரவு, 1,055 பேர் எதிர்ப்பு என்று வாக்கு விழுந்தது, தேசியத் தலைமை வேண்டாம் என்றது, அவர்கள் கேட்கவில்லை. சில நாட்களில் நாடு முழுக்க இரண்டு லட்சம் பேர் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். அதிபர் நிக்சன் நியூயார்க் தபால்களைப் பிரிக்கப் படைவீரர்களை அனுப்பினார், அவர்களுக்கு வேலை தெரியவில்லை, மூட்டைகள் குவிந்தன. எட்டு நாளில் முடிந்தது. அந்த ஆண்டே தபால் துறைச் சட்டம் மாறி, சம்பளத்துக்குப் பேரம் பேசும் உரிமை வந்தது. தலைமை கொடுக்காத தைரியத்தைப் பக்கத்துப் பையைச் சுமக்கும் ஆள் கொடுத்தார். நான் தோழமை என்று சொல்வது இதைத்தான்.

இதற்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்பாக ரோமில் இன்னொரு பூனைத் தோழமை நடந்தது. 1603-ல் ஃபெடரிகோ சேசி என்ற பதினெட்டு வயதுப் பையன் மூன்று நண்பர்களோடு இயற்கையை ஆராய ஒரு கழகம் தொடங்கி, கூர்மையான பார்வைக்காக லின்க்ஸின் பெயரை வைத்தான், லின்சே என்று. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, கூட்டம் கலைந்தது, அந்த நண்பர்களில் ஒருவரான டச்சு மருத்துவர் ஊரை விட்டே போக வேண்டியிருந்தது, ஆனாலும் விடவில்லை. 1611-ல் கலிலியோ உறுப்பினர் ஆனார், அதன் பிறகு தன் புத்தக முகப்பில் பெயரோடு 'லின்சேயோ' என்று போட்டுக்கொண்டார்.

மூன்றாவது பூனைத் தோழமை, 1965-66-ல் அமெரிக்கத் தென்மாநிலமான அலபாமாவின் லவுண்ட்ஸ் மாவட்டத்தில். மக்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள், 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. கறுப்பர் உரிமைக்காகப் போராடிய ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்ற இளைஞர்கள் ஊர்மக்களோடு சேர்ந்து தனிக் கட்சி கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கட்சிக்குச் சின்னம் வேண்டும். ஆளும் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல், இவர்கள் கரும் பேந்தரை எடுத்தார்கள். சின்னத்தைப் பார்த்து வாக்குப் போடும் நமக்கு அதன் வலிமையை விளக்கவே வேண்டாம். 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் அந்தச் சின்னத்தை எடுத்து பிளாக் பேந்தர் கட்சி தொடங்கினார்கள். 1969 ஜனவரியில் அவர்கள் ஒரு தேவாலயத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போட ஆரம்பித்தார்கள், ரொட்டி, முட்டை, பால் என்று, பிறகு ஊர் ஊராகப் பரவியது. கம்பேனியன் என்ற சொல்லின் பழைய பொருளை இதைவிட நேராக யாரும் வாழ்ந்து காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. 1972-ல் பம்பாயில் மராத்திக் கவிஞர் நாம்தேவ் தசால் உள்ளிட்டவர்கள் தலித் பேந்தர்ஸ் தொடங்கியதும், அது மதுரைக்கு வந்து மலைச்சாமியிடமிருந்து திருமாவளவன் கைக்கு வந்து விடுதலைச் சிறுத்தைகள் ஆனதும் அந்த வழியில்தான். அமெரிக்கக் காட்டில் சிறுத்தை கிடையாது, நம் மலையில் பூமா கிடையாது. ஆகவே அந்த இடத்தில் சிறுத்தை என்று பெயர்த்தவர்கள் சரியாகவே பெயர்த்தார்கள்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். ஃபுளோரிடா செய்தியில் பேந்தர் வந்தால் பூமா என்று போடுங்கள். நீலகிரியில் பிளாக் பேந்தர் என்றால் கருஞ்சிறுத்தை. 2022-ல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு வந்தவை சிவிங்கிப்புலிகள், சிறுத்தைகள் இல்லை. வைல்ட்கேட் ஸ்ட்ரைக் வந்தால் பூனையை விட்டுவிட்டு 'சங்கத் தலைமையின் ஒப்புதலின்றித் தொழிலாளர்களே தொடங்கிய வேலைநிறுத்தம்' என்று நீளமாகவே எழுதுங்கள், தலைப்பில் இடம் போதாவிட்டால் 'தன்னிச்சை வேலைநிறுத்தம்' போதும். 'திடீர் வேலைநிறுத்தம்' என்று மட்டும் எழுத வேண்டாம், அது எப்போது நடந்தது என்பதைச் சொல்லுமே தவிர, யாருடைய முடிவு என்பதைச் சொல்லாது.