ஒட்டுப் போடும் சனிக்கிழமைகள்

கடந்த சனிக்கிழமை எங்கள் சனசமூக நிலைய வளவுக்குள் 23 சைக்கிள்கள் வந்து சேர்ந்தன. ஓடிக்கொண்டு வந்தவை நாலோ ஐந்தோதான். மற்றதெல்லாம் தள்ளிக்கொண்டும், லான்ட்மாஸ்ரர் (கை உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிக்கொண்டும் வந்தவை. ஒரு அம்மா முன்சில்லை மட்டும் கழற்றி உரப்பைக்குள் போட்டு பஸ்ஸில் கொண்டு வந்திருந்தார். பின்னேரம் ஐந்து மணிக்குப் பார்த்தால் வளவில் இரண்டு சைக்கிள்தான் மிச்சம், அதுவும் அந்த அளவு ரயர் எங்களிடம் இல்லாததால் நின்றவை. 21 சைக்கிள் சோளகக் காற்றுக்கு எதிரே மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போயின.

எங்கள் ஊர்ச் சேவைக் கழகத்தைப் பற்றி நெடுநாளாக எழுதவில்லை. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் சிலர் "கழகம் இன்னும் நடக்குதோ?" என்று போனில் கேட்டார்கள். நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. என்ன செய்கிறோம் என்பதை இந்தத் தடவை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், குறிப்பாக இந்தச் சைக்கிள் அலுவலை.

புதிதாக வாசிப்பவர்களுக்காக: பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், தர்மபுரம் தாண்டி உள்ளே இறங்கும் கிறவல் றோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். மீளக்குடியேறி வந்து தறப்பாள் கொட்டில்களில் இருந்த நாட்களிலேயே கழகத்தைத் தொடங்கிவிட்டோம். கட்டடம் இல்லை, ஆகவே ஒரு மாதம் ஒருவர் வளவில், அடுத்த மாதம் இன்னொருவர் வளவில் என்று பாய் விரித்து இருந்து கதைத்தோம். 1905இல் சிகாகோவில் போல் ஹரிஸ் றோட்டரிக் கழகத்தைத் தொடங்கியபோதும் இதே கதைதானாம், உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூடியதால்தான் அந்தப் பெயரே வந்தது. இதை எங்கள் பழைய தலைவர் ஐயா ஒரு கூட்டத்தில் சொன்னபோது எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்தது எனக்கு இப்பவும் ஞாபகம்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் கழகம் 20 பிள்ளைகளுக்குப் புதுச் சைக்கிள் கொடுத்தது. ஊர்க்காரர் ஒருவர் தன் தாயாரின் நினைவாக அனுப்பிய காசு. 2022 நெருக்கடிக்குப் பிறகு சைக்கிள் விலை இங்கே ஒரு கூலிக் குடும்பம் எட்டிப் பார்க்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது. பெற்றோலுக்குக் கியூஆர் கோட் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற காலத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லாம் சைக்கிளைத் தேடி ஓடினார்கள் அல்லவா, அதிலிருந்து ஏறியது பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. அதனால் அந்த 20 சைக்கிளும் பெரிய உதவி. மண்டபம் அலங்கரித்து, அதிபரையும் கிராம அலுவலரையும் அழைத்து, படம் எடுத்து, நிறைவாகச் செய்தோம்.

ஒரு வருடம் கழிந்து டெங்குச் சிரமதானத்துக்கு வீடு வீடாகப் போனபோது ஒரு வளவில் மாட்டுக் கொட்டிலோடு சாய்த்தபடி அந்தச் சைக்கிள்களில் ஒன்றைக் கண்டேன். பின்சில்லில் காற்றில்லை, கம்பிகளுக்குள் பாகற்கொடி ஏறியிருந்தது. அந்தப் பிள்ளை இரண்டரை மைல் நடந்து பள்ளிக்கூடம் போய் வருகிறாள் என்று தாய் சொன்னார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "அஞ்சு மாசம் இருக்கும் தம்பி."

வால்வைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் குழாய், சுண்டுவிரல் நீளம்கூட வராது, வெயிலில் வெடித்துப் பிசுபிசுத்துப் போயிருந்தது. அவ்வளவுதான் பழுது. ஒரு சோடாவின் விலைகூட இல்லாத ஒரு துண்டு ரப்பருக்காக அந்தப் பிள்ளை ஐந்து மாதம் நடந்திருக்கிறாள். திருத்துகிற கடை ஆறு கிலோமீற்றர் தள்ளி, தகப்பன் இல்லை, தாய் விடியப்புறம் தோட்ட வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார், அந்தச் சைக்கிளை யார் தள்ளிக்கொண்டு போவது? வெறும் றிம்மில் உருட்டினால் றிம்மும் போய்விடும் என்ற பயம் வேறு.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த வாரமே நானும் செயலாளர் தம்பியுமாக 20 வீட்டுக்கும் போனோம். ஒன்பது சைக்கிள் ஓடவில்லை. ஒன்றுகூட விற்கப்படவில்லை, அதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் "கொடுத்தால் வித்துப்போடுவினம்" என்று கதைப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாமே ரியூப், வால்வு, கம்பி, பிறேக் கட்டை, செயின் என்று சின்னச் சின்னக் காரணங்கள். பிள்ளைக்கென்று நாங்கள் கொடுத்த சைக்கிளில் முழு வீடுமே ஏறியிருந்தது என்பதையும் அப்போதுதான் விளங்கிக்கொண்டோம். விடியப் பால் சேகரிக்கிற இடத்துக்குப் பால் போவதும் அதில்தான், குடிதண்ணீர் கான் இரண்டு பக்கமும் தொங்குவதும் அதில்தான், அம்மம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றுவதும் அதில்தான். பள்ளிக்கூடப் பிள்ளையின் பாரத்துக்குச் செய்த கரியர் விறகுக் கட்டைத் தாங்குமா? பழைய றலி சைக்கிள்களில் முன்சில்லுக்கு 32 கம்பியும் பின்சில்லுக்கு 40 கம்பியும் போட்டது பாரம் பின்னுக்கு விழும் என்று தெரிந்துதான்.

அதிலிருந்துதான் மாதத்தின் முதலாவது, மூன்றாவது சனிக்கிழமைகளில் திருத்துவது என்று தீர்மானித்தோம். இடப்பெயர்வுக்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் எங்கள் ஊரில் இருக்கிறார். கடை, சாமான், எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். பிறகு தொழிலைத் தொடவே இல்லை. நாங்கள் போய்க் கேட்டபோது நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்து வந்தார். அதற்குள் சில்லுக் கம்பியை இறுக்குகிற கம்பிச் சாவி ஒன்று இருந்தது. முள்ளிவாய்க்கால் வரைக்கும் காற்சட்டைப் பையில் கொண்டு போய்க் கொண்டு வந்தது என்றார்.

அவர் சில்லுக் கோணல் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றிவிட்டு, பெருவிரல் நகத்தை றிம்முக்கு ஒரு மயிரிழை தள்ளிப் பிடிப்பார். நெளிவு வருகிற இடம் நகத்தில் தட்டும். அந்த இடத்தில் சோக்கால் ஒரு கோடு. றிம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கக் கம்பியை அரைச் சுற்று இளக்கி, எதிர்ப் பக்கக் கம்பியை அரைச் சுற்று இறுக்குவார், திரும்பச் சுற்றுவார். பிறகு விரலால் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டு போவார். இறுகின கம்பி கிண் என்று கேட்கும், இளகினது பொத்தென்று கேட்கும். "கண்ணாலை பாக்காதை பிள்ளை, காதைக் குடு" என்று பக்கத்தில் நிற்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார். அவளும் சுண்டிப் பார்ப்பாள். இப்போது அவளே தனியாக ஒரு சில்லை நேராக்குகிறாள்.

தொடங்கும்போது நாங்கள் நினைத்தது திருத்திக் கொடுப்பதைத்தான். அந்தச் சைக்கிள் கடைப் பெரியவர்தான் அது போதாது என்றார். சைக்கிளைக் கொண்டுவருகிற பிள்ளை தானே சில்லைக் கழற்ற வேண்டும், ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும், வாள் அலகால் சுரண்டி, சொலூசன் பூசி, அது காயும்வரை பொறுத்திருந்து ஒட்ட வேண்டும். அந்தப் பொறுமைதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம், பூசின கையோடு ஒட்டப் பார்ப்பார்கள், அடுத்த முறை அதே ஓட்டையோடு வருவார்கள். ஆனால் இரண்டாம் தடவை ஒருவரும் அவசரப்படுவதில்லை. வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு இரண்டு ஒட்டும் ஒரு வால்வு ரப்பரும் கொடுத்து விடுகிறோம்.

காற்றுக் குறைய ஓடுவதால்தான் பாதி ரியூப் பழுதாகிறது என்பதையும் அவர்தான் காட்டினார். கிறவல் கல்லில் ஏறும்போது ரயர் நசிந்து றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ரியூப் கடிபட்டு, பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். முள் குத்தினால் ஒரு ஓட்டைதான். அதனால் நின்று அடிக்கிற பம் இரண்டு வாங்கி, ஒன்றை வாசிகசாலையிலும் ஒன்றை முன்பள்ளி வாசலிலும் சங்கிலி போட்டு வைத்திருக்கிறோம். கழகம் இந்த ஆண்டு செலவழித்த காசிலேயே நல்ல பலன் தந்தது அந்த இரண்டு பம்மும்தான் என்று பொருளாளராக இருந்த நான் துணிந்து சொல்வேன்.

ஏன் சைக்கிளைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன் என்றால், வன்னியில் சைக்கிள் வெறும் சைக்கிள் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணில் காண முடியாதபோது நோயாளியை, நெல்மூட்டையை, விறகை எல்லாம் சுமந்தது அதுதான். 2009இல் இதே ஏ35 வீதியால் கிழக்கே போனபோது எங்கள் வீடு முழுவதும் ஒரு சைக்கிளில்தான் இருந்தது. அரிசி, சட்டி பானை, பிறப்புச் சான்றிதழ்ப் பை, எல்லாவற்றுக்கும் மேல் தங்கச்சி. அப்பா தள்ளினார். போர் நடந்த இடத்தை விட்டு வட்டுவாகல் பாலத்தால் வெளியே வரும்போது சைக்கிள் எங்களோடு இல்லை. பிறகு மீளக்குடியேறி வந்தபோது அந்தப் பக்கம் வீதியோரமாகக் குவிந்து துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களைக் கண்டவர்களுக்குத் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு வீடு. அப்பா அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

மற்றச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு நடந்தும் சைக்கிளிலும் போன சனத்துக்கு வழமைபோல் வீதியில் மோர்ப்பந்தல் போட்டோம். இந்த முறை பந்தலோடு ஒரு பம்மும் ஒட்டுப் பெட்டியும் வைத்தோம், மோர் குடிக்கிற நேரத்தில் சில்லும் பார்த்துக் கொடுத்தோம்.

இரத்ததான முகாம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. 18 வயதுக்கு மேல், 50 கிலோவுக்குக் குறையாத ஆரோக்கியமான ஆள் நாலு மாதத்துக்கு ஒருதடவை கொடுக்கலாம். எடுத்த இரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேற்லற் என்று பிரித்து ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குப் பாவிப்பார்கள். பிளேற்லற் ஐந்து நாள்தான் நிற்கும், அதனால்தான் இரத்த வங்கி திரும்பத் திரும்பக் கேட்கிறது. இம்முறை இரும்புச்சத்துக் குறைவென்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அது எனக்குக் கவலையாக இருக்கிறது. மாதர் சங்கத்தோடு சேர்ந்து இதற்கு என்ன செய்யலாம் என்று குடும்பநல உத்தியோகத்தரோடு கதைத்திருக்கிறோம்.

கண்ணாடி முகாமுக்கு லயன்ஸ் கழக நண்பர்கள் உதவினார்கள். 1925இல் லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் எழுந்து நின்று பார்வையற்றோருக்காக உழைக்கும்படி கேட்டுக்கொண்ட நாளிலிருந்து கண் லயன்ஸ்காரரின் வேலையாகிவிட்டது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவுடன் ஒரு ஆச்சி தன் ஊசியில் நூலைத் தானே கோத்துக்கொண்டு எழும்பிப் போனார். கற்றராக் (கண்புரை) என்று கண்டவர்களைச் சத்திரசிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போவதும், பிறகு துளி மருந்தை ஒழுங்காக விடுகிறார்களா என்று போய்ப் பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. பெயர் போட்டு ஆளுக்கு இருவரென்று பிரித்தாயிற்று.

ஆடி பிறக்க முன்னமே புது நிர்வாகம் பொறுப்பேற்றுவிட்டது. கணக்கறிக்கை வாசிகசாலைப் பலகையில் ஒட்டியிருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம்.

வெளிநாட்டில் இருந்து "இந்த வருசமும் சைக்கிள் வாங்கிக் குடுக்கட்டோ?" என்று கேட்டவர்களுக்கு என் பதில்: கொடுங்கள், மிகவும் நல்லது, ஆனால் ஐந்து சைக்கிளுக்குக் காசு வைத்திருந்தால் நாலை வாங்கி, ஐந்தாவதின் காசை ரியூப்புக்கும் ரயருக்கும் கம்பிக்கும் விடுங்கள். அந்த நாலும் ஐந்து வருடம் ஓடும், ஊரில் நிற்கிற மற்றவையும் ஓடும். இப்போதைக்கு 26 அங்குல ரியூப் தீர்ந்து போய்விட்டது, பிறேக் கட்டையும் குறைவு.

அடுத்த திருத்தம் வருகிற மூன்றாம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. காற்றில்லாத சைக்கிளை றிம்மில் உருட்டிக்கொண்டு வர வேண்டாம், சில்லை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தாலும் போதும், கழற்றத் தெரியாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், பிள்ளைகள் வீட்டுக்கே வருவார்கள். பாகற்கொடி ஏறியிருந்த சைக்கிளின் சொந்தக்காரிதான் இப்போது அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் ஸ்பனர் பையைக் கரியரில் கட்டிக்கொண்டு போகிறவள்.